அமெரிக்கச் சிற்றூர் தபால் நிலையம்: கூரைக்குக் கீழே தொங்கும் அந்தப் பெட்டி என்ன?

ஆயர் ஈத்தாம் தாத்தா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பினாங்கில் தபால் கவுண்டரில் 31 வருஷம் நின்றவன். 1992-இல் இலாகா நிறுவனமாக மாறியபோது நடுவயது. இப்போது காலையில் ஈரச் சந்தை, மாலையில் பேரப்பிள்ளை என்று போகிறது.

போன வருஷம் பென்சில்வேனியாவில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கினேன். சின்ன ஊர். கோயில் இல்லை, மாமாக் கடை இல்லை, பேச ஆளில்லை. தினம் காலையில் நடந்தால் கால் தானாகப் போய் நிற்கும் இடம் தபால் நிலையம்தான். "லீவுக்கு வந்தும் ஆபீஸ் போறீங்களாப்பா?" என்று மகள் சிரிப்பாள்.

செங்கல் கட்டடம். நடுவில் வாசல், இந்தப் பக்கம் இரண்டு ஜன்னல், அந்தப் பக்கம் இரண்டு ஜன்னல். வாசலுக்கு ஏழு கருங்கல் படி. கூரை உச்சியில் வெள்ளையடித்த சின்னக் கோபுரம், உள்ளே மணி கிணி ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் மொசைக் மாதிரி பளபளவென்று தரை, இடுப்பளவுக்குப் பளிங்கு, சுவர் நிறையப் பித்தளைக் கதவு போட்ட தபால் பெட்டிகள். நம்மூர்ப் பெட்டிகளைப் போல அல்ல, ஒவ்வொன்றும் நகைப்பெட்டி. போஸ்ட் மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே சுவர் அகலத்துக்கு ஒரு ஓவியம். சுரங்கத் தொழிலாளிகள் விளக்கோடு வீடு திரும்புகிறார்கள்.

இதெல்லாம் சரி. ஒருநாள் பின்கதவு திறந்து கிடந்தது. கடிதம் பிரிக்கும் அறை தெரிந்தது. எனக்குப் பழக்கப்பட்ட இடம், கண் தானாக உள்ளே போய்விட்டது. அந்த அறையின் கூரையை ஒட்டி, நீளமாக, மூடிய பெட்டி ஒன்று தொங்குகிறது. சவப்பெட்டியைப் பத்து மடங்கு நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. அதன் வயிற்றில் ஆங்காங்கே மெல்லிய கீறல்கள். ஏர்கோன் குழாய் என்று நினைத்தேன். ஆனால் ஏர்கோன் தனியாக ஜன்னலில் இருக்கிறது.

இருபது மைல் தள்ளி இன்னொரு ஊருக்குப் போனோம். அங்கேயும் அதே செங்கல், அதே ஐந்து திறப்பு, அதே கோபுரம். ஓவியம் மட்டும் வேறு. இரண்டு கட்டடத்திலும் அடிக்கல்லில் ஒரே நாலு பேர்: ஹென்றி மார்கெந்தாவ் ஜூனியர், ஜேம்ஸ் ஃபார்லி, லூயிஸ் சைமன், நீல் மெலிக். கீழே 1937. இவர்கள் யார்? ஒரே ஆள் எல்லா ஊரிலும் கட்டினாரா? பஞ்ச காலத்தில் இவ்வளவு பளிங்கு எங்கிருந்து வந்தது? அப்புறம் அந்தப் பெட்டி?

---

செந்தூல் வரைவாளர் எழுதியது:

அண்ணே, நான் பொதுப்பணி இலாகாவில் பிளான் வரைந்தவன். டிரேசிங் பேப்பரில் தப்பு வந்தால் பிளேடால் சுரண்டிய தலைமுறை. இந்த அமெரிக்கத் தபால் நிலையங்களைப் பற்றி ஒரு காலத்தில் பைத்தியமாகப் படித்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் கல்லில் இருக்கும் பெயர்கள். மார்கெந்தாவ் நிதி அமைச்சர். ஃபார்லி தபால் துறைத் தலைவர். சைமன் கட்டடக் கலைஞர்களுக்குத் தலைமை, மெலிக் பொறியாளர்களுக்குத் தலைமை. வரிசையைக் கவனித்தீர்களா? தபால் நிலையத்தில் தபால்காரரின் பெயர் இரண்டாவது. காரணம், கட்டடத்தைக் கட்டியது தபால் துறை அல்ல, நிதித்துறை. வாஷிங்டனில் நிதித்துறைக்குள் ஒரு பெரிய வரைபட அலுவலகம் இருந்தது. தபால் நிலையம், நீதிமன்றம், சுங்க அலுவலகம் எல்லாம் அங்கேதான் வரைந்தார்கள். 1939-இல்தான் அந்த வேலை வேறு ஒரு அமைப்புக்குக் கைமாறியது. அதற்குப் பிந்தைய கல்லில் ஜான் கார்மொடி என்ற பெயர் இருக்கும். அதற்கு முந்தைய, 1930-களின் ஆரம்பக் கல் என்றால் ஜேம்ஸ் வெட்மோர். இவர் கதை வேடிக்கை. படித்தது சட்டம், கட்டடக் கலை அல்ல. அதனால் 1915-இல் உட்கார்ந்தவர் கடைசி வரை 'தற்காலிக' தலைமைக் கட்டடக் கலைஞராகவே இருந்தார். நம் ஊரில் 'பெமாங்கு' என்பார்களே, அதே. ஆயிரக்கணக்கான கட்டடங்களில் பெயர் வந்த பெமாங்கு உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

ஆகவே கல்லைப் பார்த்தே கட்டடத்தின் வயதைச் சொல்லிவிடலாம். வருஷம் தேய்ந்து போயிருந்தாலும் கவலையில்லை.

ஒரே முகம் ஏன் என்றால், ஸ்டாண்டர்ட் பிளான். பெர்லிஸில் இருக்கும் அரசாங்கக் குவார்ட்டர்ஸும் ஜொகூரில் இருப்பதும் ஒன்றுபோல் இல்லையா, அதே சங்கதி. ஆனால் அங்கே அவசரமும் சேர்ந்துகொண்டது. 1929 அக்டோபரில் பங்குச்சந்தை விழுந்தது. 1933-க்குள் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. கட்டட வேலை என்றால் கொத்தனார், கல் உடைப்பவர், தச்சர், லாரி ஓட்டுபவர், கடைசியில் ஊர்ச் சாப்பாட்டுக்கடை வரைக்கும் காசு போய்ச் சேரும். ஊருக்கு ஊர் புதிதாக வரைந்துகொண்டிருந்தால் வருஷங்கள் ஓடிவிடும். அதனால் வாஷிங்டனில் சில மாதிரிகளை வைத்துக்கொண்டு, ஊரின் அளவுக்கு ஏற்ப நீட்டினார்கள், சுருக்கினார்கள், செங்கல் கிடைக்கும் ஊரில் செங்கல், கல் கிடைக்கும் ஊரில் கல். இப்படி 1930-களில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் நிலையங்கள் எழுந்தன.

பாணியைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் பார்த்தது பிரிட்டிஷ் காலனி காலத்துப் பழைய வீடுகளைப் பார்த்துச் செய்தது. கோபுரம், செங்கல், வெள்ளை மரச் சட்டம் எல்லாம் அந்த வகை. இன்னொரு வகையில் தூண்களையே சுவரோடு தட்டையாக்கி, பூ வேலை எல்லாவற்றையும் சுரண்டி எடுத்திருப்பார்கள். 'பட்டினி கிடந்த' கிளாசிக் பாணி என்று அதற்குப் பட்டப்பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான், ஆனால் எனக்கு அந்தக் கட்டடங்கள்தான் பிடிக்கும். மெலிந்து நிற்பவன் நிமிர்ந்து நிற்கிற மாதிரி. அதே பத்தாண்டில் நம் கோலாலம்பூரிலும் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். 1937-இல் சென்ட்ரல் மார்க்கெட், அதே வருஷம் மேடான் பசார் மணிக்கூண்டு. மணிக்கூண்டின் உச்சியில் சூரியன் உதிக்கிற மாதிரி கோடு போட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். அதுவும் பூ வேலையைக் கழித்த பாணிதான், ஆனால் கொஞ்சம் மினுக்கு அதிகம். மெர்டேக்கா சதுக்கத்தின் பக்கம் கட்டடக் கலைஞர் ஹப்பாக் வரைந்த பழைய தலைமைத் தபால் நிலையத்தை (1907) நினைத்துக்கொண்டு அந்த அமெரிக்கச் செங்கல் பெட்டியைப் பார்த்தால், நம்முடையது மகாராஜா, அவர்களுடையது பள்ளிக்கூட வாத்தியார்.

பளிங்கு விஷயம். பளிங்கும், நீங்கள் சொன்ன மொசைக் மாதிரி தரையும் (தெராசோ என்பார்கள்) ஆடம்பரமாகத் தெரியும். ஆனால் மக்கள் நாள் முழுக்க மிதிக்கும், சாயும், தேய்க்கும் இடத்தில் மட்டும்தான் போட்டிருப்பார்கள். கூடத்தில் இடுப்புக்கு மேலே வெறும் காரைப் பூச்சு. பின்னால் வேலை செய்யும் அறையில் மேப்பிள் பலகைத் தரை. கடிதம் பிரிப்பவன் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், சிமென்ட் தரை காலைக் கொன்றுவிடும் அல்லவா.

இப்போது உங்கள் பெட்டி. அண்ணே, அது ஏர்கோன் குழாய் இல்லை. ஆள் நடக்கிற சுரங்கம்.

தபால் ஆய்வாளர்கள் என்று தனி வர்க்கம் உண்டு. தபாலில் வரும் பணத்தைத் திருடுபவர்களைப் பிடிப்பது அவர்கள் வேலை. அந்தக் காலத்தில் சிறிய தபால் நிலையங்களில்கூட அவர்களுக்காக ஒரு மறைவு நடைபாதை கட்டினார்கள். அதற்குத் தனி வாசல், தனிப் பூட்டு. ஆய்வாளர் எப்போது வந்தார், எப்போது போனார் என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது. உள்ளே இருட்டு. அந்தக் கீறல்கள் வழியாக வரிசைப் பலகை, பண அறை, கவுண்டர் எல்லாம் தெரியும். சில இடங்களில் கழிவறைப் பக்கம்கூட ஒரு கீறல் இருக்கும் என்று படித்தபோது எனக்கே கோபம் வந்தது. கேமரா வந்த பிறகு பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. இடிக்கச் செலவு, அதனால் தொங்குகிறது.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன் எழுதியது:

நாலில் ஒருவருக்கு வேலை இல்லாத காலம் என்கிறீர்கள். அப்போது எதற்கு ஓவியம்? அரசாங்கக் காசில் அலங்காரம். இதைப் போய் நல்ல கதையாகச் சொல்கிறீர்களே அங்கிள்.

---

பட்டர்வொர்த் டீச்சர் எழுதியது:

தம்பி, நான் ஓவிய ஆசிரியை. இதற்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

ஓவியனுக்கும் வயிறு உண்டு. பணக்காரர்கள் படம் வாங்குவதை நிறுத்தினால் முதலில் பட்டினி கிடப்பவன் அவன்தான். ஆனால் இந்தத் தபால் நிலைய ஓவியங்கள் நிவாரணமாகக் கொடுத்தவை அல்ல. பல பேர் எல்லாவற்றையும் 'வேலைவாய்ப்பு நிவாரணத் திட்டம்' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். அது தனித் துறை, தனிக் கணக்கு. இதை நடத்தியது மறுபடியும் நிதித்துறைதான். 1934-இல் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் ஒரு பிரிவு தொடங்கினார்கள். தலைவர் எட்வர்ட் புரூஸ், வழக்கறிஞராக இருந்து, வியாபாரம் செய்து, அப்புறம் தூரிகை எடுத்தவர். ஒரு கட்டடத்தின் செலவில் ஏறக்குறைய 1 சதவீதம் கலைக்கு. ஆயிரம் வெள்ளி செலவில் பத்து வெள்ளி. இதில் எங்கே ஆடம்பரம்?

தேர்வு முறை எனக்கு ரொம்பப் பிடித்தது. போட்டி. வரைவுகளில் பெயர் எழுதக்கூடாது. நடுவருக்கு யார் வரைந்தது என்றே தெரியாது. அதனால் பெண்களும், பெயர் தெரியாத இளைஞர்களும் நிறையப் பேர் உள்ளே வந்தார்கள். 1939-இல் 48 மாநிலத்துக்கும் மாநிலத்துக்கு ஒரு ஊர் என்று பெரிய போட்டியே நடத்தினார்கள். 1943-இல் போர்க்காலத்தில் அந்தப் பிரிவை மூடும்போது, நாடு முழுக்கச் சுமார் 1,400 ஓவியங்களும் சிற்பங்களும் ஆகியிருந்தன.

தாத்தா ஒன்றைக் கவனித்தாரா தெரியவில்லை. சுவர் அகலமாக இருக்கும், ஆனால் கீழே நடுவில் போஸ்ட் மாஸ்டரின் கதவுச் சட்டம் மேலே நுழைந்து படத்தைக் கடித்திருக்கும். ஓவியருக்குப் பெரிய தலைவலி. முக்கியமான ஆளை நடுவில் வைத்தால் கால் வெட்டுப்படும். அதனால் இரண்டு கூட்டமாகப் பிரித்து, நடுவில் தூரத்து மலை, ஆறு, வானம் என்று வைத்துவிடுவார்கள். பெரும்பாலானவை சுவரில் நேராக வரைந்தவையும் அல்ல. கேன்வாஸ் துணியில் தன் அறையிலேயே வரைந்து, சுருட்டி எடுத்து வந்து, வெள்ளை ஈயப் பசை பூசிச் சுவரில் ஒட்டுவார்கள்.

ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? வண்டியில் சேணம் தப்பாகப் பூட்டியிருக்கிறது, எங்கள் ஊரில் இந்த மரம் இல்லை, எங்கள் மாடு இப்படி இருக்காது என்று மனு மேல் மனு. மேய்ன் மாநிலத்தில் கென்னபங்க்போர்ட் என்ற கடலோர ஊருக்கு எலிசபெத் டிரேசி என்பவர் கடற்கரையில் குளிக்கும் ஆட்களை வரைந்து கொடுத்தார். ஊருக்குப் பிடிக்கவில்லை. 1945-இல் எடுத்தே விட்டார்கள். நான் அந்த ஊர்க்காரர்களைக் குறை சொல்ல மாட்டேன். தினம் ஸ்டாம்ப் வாங்கப் போகிற இடத்தில் மற்றவன் கண்ணுக்குத் தெரிகிற நம் ஊர் தொங்கினால், யாருக்கும் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

---

செந்தூல் வரைவாளர் எழுதியது:

டீச்சர் சொன்னது சரி. தம்பிக்கு இன்னொன்று சேர்க்கிறேன். ஸ்டாண்டர்ட் பிளான் என்று சொன்னேன் இல்லையா, அதற்கு விதிவிலக்கு வாங்கும் அளவுக்குச் செல்வாக்கு உள்ளவர் நாட்டில் ஒருவர் இருந்தார். அதிபர் ரூஸ்வெல்ட்டேதான்.

அவர் ஊர் நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரை. அங்கே பழைய டச்சுக்காரர்கள் வயல் கல்லால் கட்டிய வீடுகள் உண்டு. அந்த வீடுகள் மேல் மனிதருக்குத் தீராத ஆசை. தன் வட்டாரத்துத் தபால் நிலையங்கள் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிளானிலேயே தலையிட்டார். ரைன்பெக் என்ற ஊரில் 1700 வாக்கில் கட்டி, பின்னால் எரிந்துபோன ஒரு வீட்டின் சாயலிலேயே தபால் நிலையம் எழுந்தது. அந்த இடிபாட்டுக் கல்லையே எடுத்து முகப்பில் வைத்தார்கள். 1939 மே 1 அன்று ரூஸ்வெல்ட்டே விழாவுக்கு வந்தார், டென்மார்க் பட்டத்து இளவரசரும் கூட இருந்தார். ஒரு சிற்றூர் தபால் நிலையத்துக்கு! உள்ளே அந்த வட்டாரத்துக்காரரான ஓலின் டவ்ஸ் ஊர் வரலாற்றைச் சுவர் சுற்றி வரைந்தார். அண்ணே, மகள் வீட்டிலிருந்து காரில் போகும் தூரம்தான், அடுத்த தடவை போய்ப் பாருங்கள்.

வரைவாளன் என்ற முறையில் சொல்கிறேன், மேலிடத்து ஆள் வந்து பென்சிலைப் பிடுங்கினால் கட்டடம் கெட்டுப்போகும் என்பது என் அனுபவம். இது ஒன்றில்தான் அந்தக் கணக்கு தப்பியது.

---

ஆயர் ஈத்தாம் தாத்தா எழுதியது:

ஆள் நடக்கிற சுரங்கமா! படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. 31 வருஷம் என் முதுகுக்குப் பின்னால் மேலாளர் நின்றிருக்கிறார், ஆடிட் வந்திருக்கிறார்கள், எண்ணிக்கை ஒரு வெள்ளி குறைந்து பையிலிருந்து போட்டிருக்கிறேன். ஆனால் வந்தவன் யார் என்று தெரியும். தலைக்கு மேலே ஆள் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் ஒரு ஆயுள் முழுக்கக் கடிதம் பிரிப்பது வேறு. இந்தப் பக்கம் ஜனங்களுக்குப் பளிங்கும் ஓவியமும், அந்தப் பக்கம் எங்களுக்கு மேப்பிள் பலகையும் கண்ணும். ஒரே சுவர்தான் நடுவில்.

பையன் கேட்டதில் தப்பில்லை. எனக்கும் அது உள்ளே குடையத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் காலத்துக் கவுண்டரில் இன்னொன்றும் நடந்ததை நீங்கள் யாரும் சொல்லவில்லை. சேமிப்பு. அமெரிக்காவில் 1911-இலிருந்து 1966 வரை தபால் நிலையத்திலேயே பணம் போட்டு வைக்க முடிந்தது. வட்டி 2 சதவீதம்தான், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1930-க்குப் பிறகு வங்கி வங்கியாக ஆயிரக்கணக்கில் கவிழ்ந்ததும் ஜனங்கள் மிச்சம் மீதியை அள்ளிக்கொண்டு தபால் நிலையத்துக்கு ஓடினார்கள். அரசாங்கப் பொறுப்பில் இருக்கும் பணம், தொலையாது. அந்தப் பித்தளைக் கம்பி ஜன்னலுக்கு முன்னால் நின்றவர்களுக்குப் பளிங்கு அலங்காரமாகத் தெரிந்திருக்காது. இந்த இடம் ஓடிப்போகாது என்று தெரிந்திருக்கும். நம்மூரிலும் தபால் சேமிப்பு வங்கிதான் 1974-இல் பேங்க் சிம்பானான் நேஷனல் ஆனது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரியவர்கள் பழைய சேமிப்புப் புத்தகத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு இன்னும் எங்களிடமே வருவார்கள். "பாட்டி, அடுத்த கட்டடம்" என்று காட்டுவோம். நம்ப மாட்டார்கள்.

கல்லில் 1937 என்று பார்த்தபோது எனக்கு ஏன் கால் நகரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். என் தாத்தா சுங்கை பட்டாணி பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். அமெரிக்காவில் கார் விற்காமல் போனதும் டயர் விற்கவில்லை, டயர் விற்காததும் இங்கே ரப்பர் விலை விழுந்தது. அங்கே அரசாங்கம் வேலையில்லாதவனுக்குச் செங்கலைக் கொடுத்தது. இங்கே எங்கள் ஆட்களுக்குக் கப்பல் டிக்கெட் கொடுத்தது. 1930-இலிருந்து 1932-க்குள் லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தாத்தாவின் அண்ணன் பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினம் போய்விட்டார். தாத்தா போகவில்லை. தோட்டத்து லயன் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி போட்டுத் தின்றுகொண்டு கிடந்தாராம். 1934-இல் நாடுகள் கூடி ரப்பர் உற்பத்தியைக் கட்டுப்படுத்திய பிறகு விலை ஏறியது, கையில் கொஞ்சம் காசு புழங்கியது. அப்போது அண்ணனுக்கு அனுப்பிய மணியார்டர் ரசீது ஒன்று எங்கள் வீட்டில் பெட்டியடியில் இருக்கிறது. முத்திரையில் ஊர்ப் பெயர் அழிந்துவிட்டது, 1937 மட்டும் தெரிகிறது. அந்தத் தபால் நிலையம் தகரக் கூரை போட்ட ஓர் அறை என்று அப்பா சொல்வார். அதில் ஓவியம் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

சரி, செந்தூல் தம்பி, ஒரு விஷயம். உங்கள் பதிலை மகளுக்கு அனுப்பினேன். நேற்று பார்சல் போடப் போனவள் கவுண்டரில் இருந்த அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், "உள்ளே மேலே இருக்கிறதே, அது இன்னும் உபயோகத்தில் இருக்கிறதா?" என்று. அந்த அம்மா வாயே திறக்கவில்லையாம். ஸ்டாம்பை ஒட்டிக்கொண்டே, மோவாயை மட்டும் லேசாக மேலே தூக்கிக் காட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார்.

நாங்களும் அப்படித்தான் காட்டுவோம், மேலாளர் பின்னால் நிற்கும்போது.

---

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன் எழுதியது:

தாத்தா, அந்த ரசீதை ஒரு படம் எடுத்துப் போடுங்களேன். முகவரி இருக்கும் இடத்தை மட்டும் மறைத்துவிட்டு.